ஒரு வார்த்தையின் தலைவிதி

சென்ற வாரம் நம் வீட்டில் ஒரு சிறு வழக்கு நடந்தது. வாதி, எண்பத்தைந்து வயதான பாட்டி. பிரதிவாதி, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் பேத்தி. நீதிபதி ஸ்தானம், நாம் எவ்வளவோ விலகி நின்றும், நம் தலையில் வந்து விழுந்தது.

விஷயம் இதுதான். காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பேத்தி, “பாட்டி, நான் போறேன்” என்றாள். பாட்டி பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு, “போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு” என்றாள். பேத்தியின் பஸ் தெருமுனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பாட்டி விடவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் வாசலுக்கு அனுப்பினாள்.

“எப்படிச் சொன்னாலும் சாயங்காலம் வரத்தானே போறேன்? நீ ரொம்ப வியர்டு, பாட்டி!” என்று சொல்லிவிட்டுப் பேத்தி ஓடினாள்.

பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒருவர் நம்மைக் குறைத்துப் பேசுகிறார் என்பதை அறிய அவருடைய பாஷை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. “அது என்ன வார்த்தை அப்பா?” என்று நம்மைக் கேட்டாள். “விசித்திரம் என்று அர்த்தம்” என்றோம். பாட்டி ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் பூவைத் தொடுக்க ஆரம்பித்தாள். ஆனால் கை முன்போல் ஓடவில்லை.

நமக்கு மனம் உறுத்திற்று. நாம் சொன்ன அர்த்தம் முழுவதும் சரிதானா என்ற சந்தேகமும் எழுந்தது. அன்று இரவு புத்தக அலமாரியைக் கிளறினோம். கிளறியதில் வெளிப்பட்ட கதையை வாசகர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

‘வியர்டு’ என்ற வார்த்தைக்கு இன்றைய ஆங்கிலத்தில் விசித்திரமானது, விபரீதமானது, வழக்கத்துக்கு மாறானது என்று பொருள். அதன் எழுத்துக்கூட்டலே பள்ளிச் சிறுவர்களுக்கு ஒரு பொறி. ‘ஐ’ முன்னே, ‘ஈ’ பின்னே என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்த சூத்திரத்தை நம்பி எழுதும் பையன் இந்த வார்த்தையில் மார்க்கை இழப்பான். இதில் ‘ஈ’ முன்னே நிற்கிறது. வடக்கே ஸ்காட்லாந்திலிருந்து வந்த எழுத்து வழக்கு அது. பிறந்த வீட்டு அடையாளத்தை விடாத மருமகளைப்போல் அந்த எழுத்து முறையை இந்த வார்த்தை இன்றும் விடவில்லை.

ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்துக்குப் போனால், இதே வார்த்தை ‘விர்ட்’ என்ற உருவத்தில் நம்மை எதிர்கொள்ளுகிறது. அப்போது அது குணத்தைக் குறிக்கும் சொல்லே அன்று. அது ஒரு பெயர்ச்சொல். அதன் பொருள் விசித்திரமும் அன்று. அதன் பொருள் விதி!

ஆம், சாக்ஷாத் தலைவிதிதான். மனிதன் தடுத்தாலும் நிற்காதது, தேடாவிட்டாலும் வந்து சேர்வது எதுவோ, அதற்கு அந்நாளைய ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. ‘பியோவுல்ஃப்’ என்ற அவர்களுடைய பழைய வீர காவியத்தில் இந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. 3,182 அடிகள் கொண்ட அந்தக் காவியம் ஒரே ஓர் ஏட்டுப் பிரதியில்தான் பிழைத்திருக்கிறது. 1731-ஆம் வருஷத்துத் தீ விபத்து ஒன்றில் ஓரங்கள் கருகிப்போன அந்த ஏடு, இப்போது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூல்நிலையத்தில் இருக்கிறது. அரக்கனோடும் நாகத்தோடும் பொருதப் போகும் வீரன், முடிவை விதியின் கையில் விட்டுவிட்டுத்தான் போகிறான். ஆனால் விதியின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அவன் வீட்டில் படுத்துக்கொள்ளவில்லை. தைரியமுள்ளவனிடம் விதிக்கும் கொஞ்சம் தயவு உண்டு என்பது அவன் நம்பிக்கை.

அக்காலத்து இங்கிலாந்தில் கிறிஸ்தவ சமயம் வேரூன்றியபோது இந்த வார்த்தைக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. எல்லாம் கடவுள் செயல் என்றால் விதிக்கு என்ன வேலை? 871 முதல் 899 வரை ஆண்ட ஆல்பிரட் அரசரின் பெயரால் வழங்கும் ஒரு மொழிபெயர்ப்பு நூல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ரோமாபுரி அறிஞர் போயீத்தியஸ் லத்தீனில் எழுதியதன் பழைய ஆங்கில உருவம் அது. விதி என்று நாம் சொல்லுவது கடவுள் நாள்தோறும் நடத்தும் காரியமே என்று அந்நூல் சமாதானம் சொல்லுகிறது. விதியைத் துரத்தாமல், அதைக் கடவுளிடம் உத்தியோகத்தில் அமர்த்திவிட்டார்கள்! நம் நாட்டுச் சித்தாந்திகள் இந்தத் தர்க்கத்தைக் கேட்டால் புன்சிரிப்புச் சிரிப்பார்கள். அவர்களுக்கு இது பழக்கமான பாதை அல்லவா?

இனி அந்த வார்த்தை எங்கே பிறந்தது என்று பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் ‘ஆகுதல்’ என்ற பொருளில் ‘வெயோர்த்தன்’ என்றொரு வினைச்சொல் இருந்தது. ஆங்கிலத்தில் அது மறைந்துவிட்டாலும், ஜெர்மன் பாஷையில் அதன் உடன்பிறப்பு ‘வெர்டன்’ இன்றும் தினந்தோறும் வழங்குகிறது. அந்த வினையின் குடும்பத்தில் தோன்றிய பெயரே ‘விர்ட்’. ஆகவே அதன் அடிப்படைப் பொருள், ‘ஆவது’ அல்லது ‘ஆகி வருவது’. “ஆவது ஆகட்டும்” என்று நாம் பெருமூச்சு விடும்போது, விதியைப்பற்றி அந்தப் பழைய ஆங்கிலேயர் நினைத்ததையே தமிழில் சொல்லிவிடுகிறோம்.

வடதேசத்து நார்ஸ் மக்களின் புராணங்களிலும் இந்த வார்த்தை உண்டு. அங்கே அது ஒரு தேவதையாக வீற்றிருக்கிறது. உலகத்தையே தாங்கி நிற்கும் மாபெரும் மரத்தின் அடியில் ஒரு கிணறு. அதன் அருகே மூன்று பெண்கள் வசிக்கிறார்கள். அவர்கள் பெயர் உர்த், வெர்தாந்தி, ஸ்குல்த். ‘உர்த்’ என்பது ‘விர்ட்’ என்பதன் நார்ஸ் உருவமே. ‘வெர்தாந்தி’ என்றால் ஆகிக்கொண்டிருப்பவள். ‘ஸ்குல்த்’ என்ற பெயருக்குக் கடன் என்று பொருள். ஆனது, ஆகிக்கொண்டிருப்பது, தீர்த்தே ஆகவேண்டிய கடன். ஐஸ்லாந்து தேசத்து ஸ்னோரி என்ற புலவர் 13-ஆம் நூற்றாண்டில் இந்தக் கதைகளை எழுதி வைத்தார். எதிர்காலத்துக்குக் ‘கடன்’ என்று பெயரிட்டவர்கள் சாமான்யமானவர்கள் அல்லர்.

இந்த வார்த்தையின் உறவினர் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி ஓர் உரை நிகழ்த்தினார். சம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று அதில் எடுத்துக் காட்டினார். அதற்குப்பின் வந்த பண்டிதர்கள் அந்த மூலபாஷையின் வேர்களைத் தோண்டிப் பார்த்தார்கள். ‘வெர்ட்’ என்ற ஒரு வேர் அகப்பட்டது. ‘திரும்புதல், சுழலுதல்’ என்பது அதன் பொருள். அதிலிருந்து லத்தீனில் ‘வெர்ட்டெரே’ பிறந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘யூனிவர்ஸ்’, ‘கன்வெர்ட்’ முதலியவை அதன் சந்ததிகள். அதே வேர் சம்ஸ்கிருதத்தில் ‘விருத்’ என்ற தாதுவாக நிற்கிறது.

தமிழ் வேறு குடும்பத்துப் பாஷைதான். ஆனால் அந்தத் தாதுவின் பிள்ளைகள் பலர் நம் வீட்டிலும் வந்து குடியேறியிருக்கிறார்கள். சங்கீத வித்வான் கையில் போட்டுக் காட்டும் தாள ‘ஆவர்த்தனம்’ அவர்களில் ஒருவர். கடைவீதியில் ‘பரிவர்த்தனை’, இலக்கணத்தில் ‘வர்த்தமானம்’, சிம்மாசனத்தில் ‘சக்கரவர்த்தி’. இலங்கையில் சர்க்கார் கெஜட்டுக்கு வழங்கும் பெயரான ‘வர்த்தமானி’யும் அந்த வகையே. இவ்வளவு ஏன்? ‘வார்த்தை’ என்ற வார்த்தையே அந்தத் தாதுவின் வழியில் வந்ததுதான்! பேத்தி பாட்டியின்மேல் எறிந்துவிட்டுப் போன சொல், பாட்டி “அது என்ன வார்த்தை?” என்று கேட்ட சொல்லுக்குத் தூரத்து உறவு என்பதை அறிந்தபோது, நாம் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டோம்.

இத்தனை பெருமையும் குலமும் உடைய சொல், எப்படி இன்றைய கதியை அடைந்தது? அந்தச் சரித்திரம் 1066-இல் தொடங்குகிறது. அவ்வருஷம் நார்மன் பிரபுக்கள் இங்கிலாந்தை ஜயித்தார்கள். ராஜ்யம் போனால் பாஷையின் கௌரவமும் போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அரண்மனையிலும் நியாய ஸ்தலத்திலும் பிரெஞ்சு பாஷை கொலுவிருந்தது. காலப்போக்கில் ‘டெஸ்டினி’, ‘பார்ச்சூன்’, ‘பேட்’ என்ற அந்நியச் சொற்கள் விதியைக் குறிக்க வந்துவிட்டன. சொந்தச் சொல் ஒதுங்கிக்கொண்டது. 1400-இல் காலமான சாஸர் என்ற மகாகவி தம் நூல் ஒன்றில் அந்தப் பழைய சொல்லை எடுத்தாளும்போது, பக்கத்திலேயே ‘டெஸ்டினி’ என்று அர்த்தமும் சொல்ல வேண்டியிருந்தது. தன் ஊரிலேயே ஒருவனை இன்னாரென்று அறிமுகப்படுத்த வேண்டிய நிலைமை!

ஆனால் வடக்கே ஸ்காட்லாந்தில் அந்தச் சொல் செத்துவிடவில்லை. அங்கே ஒரு கதையும் வழங்கிற்று. மாக்பெத் என்ற பிரபுவுக்கு மூன்று பெண்கள் தோன்றி, அவன் அரசனாவான் என்று சொன்னதாகக் கதை. ‘வியர்டு சகோதரிகள்’ என்று அப்பெண்களுக்குப் பெயர். அதாவது, விதிச் சகோதரிகள். கிணற்றங்கரை மூன்று தேவதைகளையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1577-இல் ஹாலின்ஷெட் என்பவர் பெயரால் வெளியான சரித்திர நூல் இந்தக் கதையைச் சொல்லும்போது, அவர்கள் விதியின் தேவதைகளாக இருக்கலாம் என்று விளக்குகிறது. அந்தப் பதிப்பிலுள்ள மரச்செதுக்குப் படத்தில் அவர்கள் கிழவிகளாக இல்லை. நல்ல ஆடை உடுத்த சீமாட்டிகளாகவே நிற்கிறார்கள்.

அந்தச் சரித்திரத்தைப் படித்தார் ஷேக்ஸ்பியர். ‘மாக்பெத்’ நாடகம் பிறந்தது. தாடி முளைத்த மூன்று கிழவிகள் பொட்டல் வெளியில் மாக்பெத்தை எதிர்கொள்ளுகிறார்கள். நாடகத்தில் ஆறு இடங்களில் இந்தச் சொல் வருகிறது. ஆறும் அவர்களைக் குறிப்பதற்கே வருகிறது. ஆனால் 1623-இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டபோது, அச்சுக் கோத்தவர்களுக்கு அந்தச் சொல் புரியவில்லை போலும். ‘வேவர்டு’ என்றும் ‘வேயர்டு’ என்றும் இரண்டு விதமாக அச்சாகிவிட்டது. ‘வேவர்டு’ என்றால் அடங்காப்பிடாரி என்று பொருள். நூறு வருஷங்களுக்கு மேலாக விதியின் தேவதைகள் அடங்காப்பிடாரிகளாகவே காலம் தள்ளினார்கள். 1733-இல் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர் ஹாலின்ஷெட்டைப் புரட்டிப் பார்த்து, அந்தப் பிழையைத் திருத்தினார். ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு உயிரை விட்ட நம் தமிழ்ப் பதிப்பாசிரியர்களை நினைத்து, அந்த மனிதருக்கும் ஒரு கும்பிடு போடலாம்.

இங்கே ஒரு சிறு எழுத்துப் பிழைக்கு மேலான விஷயம் அடங்கியிருக்கிறது. அந்தக் கிழவிகளை ‘விசித்திரச் சகோதரிகள்’ என்று ஒருவர் தமிழில் எழுதினால் நாடகமே சாய்ந்துபோகும். அவர்கள் வேடிக்கைக்காக வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். ‘விதிச் சகோதரிகள்’ என்று வாசித்தால் ஒரு பயங்கரமான கேள்வி எழுகிறது. அரசனாவாய் என்றுதானே அவர்கள் மாக்பெத்திடம் சொன்னார்கள்? உறங்குகிற அரசனைக் குத்திக் கொல் என்று சொல்லவில்லையே! அவனோடு நின்ற பாங்க்கோவுக்கும், அவன் சந்ததியார் அரசாள்வார்கள் என்று வாக்குக் கிடைத்தது. அவன் கத்தியை எடுக்கவில்லை. அப்படியானால் நடந்தது விதியா, மாக்பெத்தின் ஆசையா? நம் வள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்லிவிட்டு, 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடையவன் அந்த ஊழையும் புறங்காண்பான் என்று வைத்தாரே, அதே கேள்வியை அந்த ஆங்கிலக் கவி மேடையில் ஏற்றிவிட்டார். அர்த்தத்தை மாற்றினால் இந்தக் கேள்வியே மறைந்துபோகிறது.

ஆயினும், மறைந்துதான் போயிற்று. நாடகத்தைப் பார்த்த ஜனங்களுக்கு அந்தச் சொல்லின் பழம்பொருள் தெரியாது. அவர்கள் கண்டது இருட்டு, இடி, கொப்பரையில் கொதிக்கும் விஷம், தாடி வைத்த கிழவிகள். ‘வியர்டு’ என்றால் இப்படிப்பட்டதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். 1815-ஐ ஒட்டி ஷெல்லியும், பிறகு கீட்ஸும், அமானுஷ்யமான, இனம் தெரியாத அச்சம் தருகிற பொருள்களுக்கு அதை அடைமொழியாக ஆண்டார்கள். 1923-இல் அமெரிக்காவில் பேய்க்கதைகளுக்கென்றே தொடங்கிய ஒரு பத்திரிகை, தன் பெயரிலேயே அதைச் சூட்டிக்கொண்டது. பிறகு பேயும் போயிற்று, அச்சமும் போயிற்று. மாதுளம்பழத்தில் உப்புப் போட்டுத் தின்கிறவனும் ‘வியர்டு’. மணிக்கட்டின் உள்பக்கம் கடிகாரம் கட்டுகிறவனும் ‘வியர்டு’. தேவதை விதியாகி, விதி பேயாகி, பேய் கேலியாகிவிட்டது.

ஆங்கில வார்த்தைக்குத்தானே இந்தக் கதி என்று நாம் மகிழ்ந்துவிட வேண்டாம். நாம் பாட்டிக்குச் சொன்ன ‘விசித்திரம்’ என்ற சொல்லைப் பாருங்கள். பல நிறமும் பல வகை அழகும் பொருந்தியது என்பதுதான் அதன் பழம்பொருள். 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன், விழுப்புரம் ஜில்லாவிலுள்ள மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து கோயில் எழுப்பினான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை; இத்தகைய கோயிலை விசித்திரசித்தன் செய்வித்தான் என்று அங்கே கல்வெட்டும் பொறித்தான். புதுமையில் மனம் செலுத்துகிறவன் என்று ஓர் அரசன் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட விருது அது! இன்றைக்கு ஒருவரைப் பார்த்து, “நீங்கள் விசித்திரமான ஆசாமி” என்று சொன்னால் அவர் பல்லவ மன்னனைப்போல் பூரித்துப் போவாரா? நம்மோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

ஜனங்கள் எதைக் கண்டு ஒரு காலத்தில் வியந்து நின்றார்களோ, அதைப்பற்றிக் கேள்வி கேட்பதை நிறுத்திய நாளில், வியப்புக்குரிய சொல் கேலிச் சொல்லாக மாறிவிடுகிறது. இங்கிலாந்தானாலும் சரி, தமிழ்நாடானாலும் சரி, வார்த்தைகளின் தலைவிதி ஒன்றாகத்தான் இருக்கிறது.

மறுநாள் ராத்திரி சாப்பாட்டின்போது இந்தக் கதை முழுவதையும் பேத்தியிடம் சொன்னோம். பாட்டியும் கேட்டுக்கொண்டிருந்தாள். கதை முடிந்ததும் பாட்டி, “அந்த வார்த்தைக்கு விதின்னா அர்த்தம்? அப்போ குழந்தை சரியாத்தான் சொல்லியிருக்கா” என்றாள்.

பேத்திக்கு முகம் சிறிது சிவந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, முந்தின நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். “ஏன் பாட்டி, போறேன்னு சொன்னா என்ன?”

பாட்டி சொன்னாள். அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அவளுடைய அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டுக்குப் பிழைப்புத் தேடிப் போனாராம். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. வீட்டு வாசலில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, தாமும் அழுதுவிடுவோமோ என்று பயந்து, “சரி, நான் போறேன்” என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தாராம். இரண்டு கடிதங்கள் வந்தன. மூன்றாவது கடிதம் வரவே இல்லை. “போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்ல வச்சிருக்கலாமேன்னு எங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லிண்டிருந்தா. வார்த்தையாலே ஆள் திரும்பி வருவானா? வரமாட்டான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுடறேன்” என்றாள் பாட்டி.

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? விதிக்கு லத்தீனில் ‘பாட்டும்’ என்று பெயர். ‘சொல்லப்பட்டது’ என்பதே அதன் பொருள். வாயிலிருந்து வரும் சொல்லுக்கும் வரப்போகும் விதிக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று ரோமாபுரியிலும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். அது உண்மையோ பிரமையோ, நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எண்பது வருஷத்துக்கு அருகே ஒரு துக்கத்தைச் சுமந்துகொண்டு, அதை யார்மீதும் இறக்காமல், தினமும் காலையில் இரண்டே வார்த்தைகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒருத்தியைப் பார்த்து, “விசித்திரம்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவது சுலபம். அந்த ஆங்கிலச் சொல்லின் வேரிலேயே அதைவிட நல்ல வழி இருக்கிறது. ‘ஆகுதல்’ அல்லவா அதன் தாய்? ஆகவே நமக்கு ஒன்று விசித்திரமாகத் தோன்றும்போது, “இது எப்படி இவ்விதம் ஆயிற்று?” என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு கதை வெளிவரும்.

வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. மறுநாள் காலை பேத்தி பையை மாட்டிக்கொண்டாள். பஸ் வழக்கம்போல் தெருமுனைக்கு வந்துவிட்டது. வாசற்படி இறங்கியவள் தானாகவே திரும்பி, “பாட்டி, போயிட்டு வரேன்” என்றாள்.

“வா” என்றாள் பாட்டி. அவள் கையில் பூ வேகமாகத் தொடுபட்டுக்கொண்டிருந்தது.